லேத்துக்காரரின் ஹாரன்

முன்கூடத்திலிருந்து மோட்டார் சைக்கிளின் கிக்கரை உதைக்கிற சத்தம் கேட்டது. ஒரு உதை. கொஞ்சம் மூச்சு வாங்கல். மறுபடி ஓர் உதை.

பின்னறையில் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஸ்பேனர் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்த லேத்துக்காரருக்கு ஒவ்வொரு உதையும் தன் விலாவிலேயே விழுவதுபோல் இருந்தது. உதைப்பது மனைவியின் அண்ணன், மச்சான்தான். மனைவியாக இருந்தால் முதலில் காலால் மெல்ல அழுத்தி, எதிர்ப்பு தட்டுப்படுகிற இடத்தில் ஒரே வீச்சாக இறக்குவாள். இது பூட்டிய கதவை உதைக்கிற உதை. என்ஜின் ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விட்டு அடங்கியது.

“மச்சான், உதைக்காதீங்க. கோளாறு அங்க இல்ல,” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

“எங்க இருக்குன்னு சொல்லுங்க, அங்கயே உதைக்கிறேன்,” என்று பதில் வந்தது.

சமையலறையில் மனைவி சிரிப்பை அடக்கிக்கொள்வது அவர் காதுக்கு எட்டியது. நேற்று மாலைக்குப் பிறகு அந்த வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு அது. ஆனால் அதைக் கேட்டு மகிழ்கிற நிலையில் அவர் இல்லை. இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்த உடம்பு. பெட்டி கைக்கு வந்த பிறகும் அதைத் தூக்காமல், எதற்கோ மறுபடி கட்டிலடியைத் தடவினார். கைகளுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவர் லேத்துக்காரர்தான். கண் போய் இத்தனை காலமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. வாலிபத்தில் கடைசல் பட்டறைக்குள் நுழைந்தவர், இரும்பைத் திருகாணியாகவும் தண்டாகவும் கடைந்தே வயதைக் கடத்தினார். பார்வை மங்க ஆரம்பித்தபோது யாரிடமும் சொல்லாமல் விரல்களை வைத்தே சமாளித்தார். கடைந்த தண்டைத் தடவிப் பார்த்து, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுகிற விரல்கள் அவை. ஒருநாள் இரும்பைக் கவ்விச் சுழல்கிற சக்குக்கு ஒட்டினாற்போல் அந்த விரல் போனதை முதலாளி பார்த்துவிட்டார். மெஷினை நிறுத்தினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் காரிலேயே அழைத்துவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று லேத்துக்காரர் பின்னால் பலமுறை நினைத்ததுண்டு.

அன்றைக்கு வீட்டில் மிஞ்சியது அவருடைய மோட்டார் சைக்கிள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. இரும்பு டேங்க், வட்ட விளக்கு, நின்ற இடத்திலேயே குதிக்கிற என்ஜின். அதை விற்றுவிடலாம் என்று அவர் வாயெடுப்பதற்கு முன்பே, எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள் மனைவி. மருத்துவமனை வேலையை விட்டு, வீடு வீடாகப் போய் ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் தொடங்கியிருந்த நேரம் அது. ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் பாடம் நடந்தது. பின்னால் உட்கார்ந்தவருக்குக் கண் தெரியாது. முன்னால் உட்கார்ந்தவளுக்கு ஓட்டத் தெரியாது. என்ஜின் முனகுவதைக் கேட்டு அவர் “மாத்து” என்பார், அவள் கியரை மாற்றுவாள். அந்த மைதானத்தில் அவர்கள் சிரித்ததுபோல் கல்யாணமான புதிதில்கூடச் சிரித்திருக்க மாட்டார்கள்.

இப்போது அவள் ஊசியக்கா. நகரத்தின் இந்தப் பாதியில் அவளைத் தெரியாத நோயாளி கிடையாது. மாலையில் அவள் திரும்பியதும் லேத்துக்காரர் வண்டிக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிடுவார். என்ஜினின் சூடு, செயினின் தொய்வு, டயரில் ஒட்டிய மண் எல்லாவற்றையும் தொட்டுத் துடைத்தபடியே, “இன்னிக்கு மேட்டுத் தெருப் பக்கமா?” என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். நாள் முழுக்கச் சுவரோடு சுவராகக் கழித்த மனிதர், உலகத்தைச் சுற்றி வருவது அந்த அரைமணி நேரத்தில்தான்.

நேற்று அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “நின்னுபோச்சு” என்று மட்டும் சொன்னாள். பிறகு சமையலறையில் கதவை ஒருக்களித்துக்கொண்டு அண்ணனிடம் போனில் பேசியதை அவர் முழுவதும் கேட்டார். பாலத்துக்கு அடியில் வளைவு. ஹாரனை அழுத்தியிருக்கிறாள். அந்த நொடியே ஹாரன், விளக்கு, என்ஜின் எல்லாம் ஒன்றாகச் செத்துவிட்டன. இருட்டில் நின்றவளைப் பின்னால் வந்த லாரி கடைசி நேரத்தில் ஒடித்துத் திரும்பி, முழங்கையை உரசுகிற தூரத்தில் கடந்து போயிருக்கிறது. குரலைத் தாழ்த்திப் பேசினால் கேட்காது என்று நினைத்தாள், பாவம். அந்த வீட்டில் தாழ்ந்த குரல் என்று ஒன்று இல்லவே இல்லை.

விடிந்ததும் மச்சான் வந்து இறங்கினார். மரச்சாமான் கடை வைத்திருப்பவர். தங்கை என்றால் உயிர். நாற்காலியில் உட்காராமலே தன் முடிவைச் சொன்னார். தன் மகள் மேற்படிப்புக்குப் போய்விட்டதால் அவளுடைய ஸ்கூட்டர் வீட்டில் சும்மா நிற்கிறது. அதைக் கொண்டுவந்து விடுவார். பழைய வண்டி வாங்குகிறவர் ஒருவரிடம் பேசியாகிவிட்டது. தங்கை வேலைக்குக் கிளம்புவதற்குள் இது ஓடவில்லை என்றால் ஒரே ஒரு போன், வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

லேத்துக்காரரால் மறுத்துப் பேச முடியவில்லை. எப்படி முடியும்? அந்த லாரி இரவு முழுவதும் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஸ்கூட்டரை அவர் ஒருமுறை தடவிப் பார்த்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் பிளாஸ்டிக் மூடி. உள்ளே என்ன ஓடுகிறது என்று விரலுக்குத் தெரியாது. அந்த வண்டியில் அவருக்குக் கை வைக்க இடமே இல்லை. அது வந்துவிட்டால் மாலையில் அவள் திரும்பும்போது அவர் என்ன செய்வார்? துண்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பெட்டியோடு கூடத்துக்கு வந்தார். நிலைப்படியில் ஒரு கை, சுவரில் ஒரு கை. வண்டியின் ஹேண்டில் கைக்குத் தட்டுப்பட்டதும்தான் மூச்சு நேரானது.

“இங்க பா... இதைக் கேளுங்க மாப்ளே,” என்றார் மச்சான். கண் போனதிலிருந்து ‘பார்’ என்கிற சொல்லை அவர் சூடான பாத்திரம்போல் கையாளுவார். பாதியில் கீழே போட்டுவிடுவார். தங்கைக்கு அந்த வம்பே கிடையாது. அவள் நாளுக்கு நூறு தடவை “இங்க பாருங்க” என்பாள். இவரும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார். மச்சான் தொடர்ந்தார்: “மெக்கானிக்கைக் கூப்பிட்டா முடிஞ்சுது. நீங்க எதுக்கு இதோட மல்லுக்கட்டிக்கிட்டு?”

இந்தக் காலத்து மெக்கானிக்குக்கு இந்த வண்டியின் வயர் எது வால் எது என்று தெரியாது என லேத்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சீட்டைக் கழற்றினார். முதலில் சாவி போடுகிற இடத்தைச் சந்தேகப்பட்டார். கண்ணைப் போலவே அதுவும் வயசாகித் தேய்கிற சமாச்சாரம். அதன் வயர்களைக் கழற்றி, சுரண்டி, மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. நெற்றியில் வியர்வை. சமையலறையில் அவள் பைக்குள் பஞ்சும் கத்திரியும் எடுத்து வைக்கிற ஓசை கேட்டது. பை நிறைந்துகொண்டிருந்தது. மச்சான் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் செருப்பு தரையில் ஒரு முறை உரசியது.

பிறகு லேத்துக்காரர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய ஹாரனை எடுத்தார். இரண்டு பக்கமும் நீளமாக வயர் தொங்கியது.

“இது எதுக்கு? செத்துப்போச்சுன்னு ஊதி ஊரைக் கூட்டவா?” என்றார் மச்சான்.

கண்ணுள்ளவர்கள் மின்சாரம் வருகிறதா என்று சின்ன பல்பை வைத்துச் சோதிப்பார்கள். எரிந்தால் வருகிறது. லேத்துக்காரருக்கு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன? அதனால் அவர் பல்புக்குப் பதிலாக ஹாரன் வைத்திருந்தார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வயரைத் தொட்டதும் கூடமே அதிரும்படி அது அலறியது. மச்சான் துள்ளி நகர்ந்தார். பேட்டரியில் குறை இல்லை. ஃபியூஸின் இந்தப் பக்கம் அலறல். அந்தப் பக்கமும் அலறல். அதுவும் நன்றாக இருக்கிறது.

அடுத்து ஒரு வயரைப் பேட்டரியிலேயே விட்டுவிட்டு, மற்றதை என்ஜினின் பெயிண்ட் இல்லாத உலோகச் செதிலில் வைத்தார்.

மௌனம்.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அழுத்தித் தேய்த்தார். மௌனம். அவர் முதுகு நிமிர்ந்தது. பேட்டரியிலிருந்து கிளம்புகிற மின்சாரம் விளக்குக்கும் ஹாரனுக்கும் போய்விட்டு, வண்டியின் உடம்பு வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். திரும்புகிற வழி அடைபட்டிருக்கிறது. அதனால்தான் எல்லாம் ஒரே நொடியில் செத்தன. விளக்கு கெடவில்லை, ஹாரன் கெடவில்லை, ஒன்றுமே கெடவில்லை!

“கெடைச்சுடுச்சா?” என்று சமையலறை வாசலில் வந்து நின்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

“எர்த் விட்டுப்போச்சு,” என்றார். குரலில் நேற்றிலிருந்து இல்லாத ஓர் உயிர். பேட்டரிக்குப் பின்னால் கையை நுழைத்து எர்த் வயரைப் பிடித்தார். அது நன்றாக இருந்தது. அதன் வழியே போய், வயர் ஃபிரேமோடு சேர்கிற போல்ட்டைத் தொட்டார். போல்ட் கொஞ்சம் ஆடியது. திருகிக் கழற்றி, அதற்கடியில் விரலை வைத்தார்.

வழவழப்பு.

இரும்பு அப்படி இருக்காது. இரும்பை வாழ்நாளெல்லாம் தொட்டவருக்கு அதன் தோல் தெரியும். இது பெயிண்ட். கனமாக, இரண்டு பூச்சு. அந்தப் பூச்சு யாருடையது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

சில வாரங்களுக்கு முன்பு, அவள் வேலைக்குப் போகாத ஒரு விடுமுறையில், ஃபிரேமெங்கும் துரு சொரசொரப்பதை அவர் கண்டுபிடித்தார். பொறுக்க முடியவில்லை. மறுநாள் அவள் பக்கத்துத் தெருவுக்கு நடந்தே போன சமயத்தில் உப்புத்தாளால் தேய்த்தார். பரணிலிருந்து பெயிண்ட் டப்பாவை இறக்கினார். ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய கறுப்பு, மூடியில் பள்ளம் விழுந்த டப்பா, அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எர்த் வயர் உட்கார்கிற இடத்தில்தான் துரு அதிகம். அதனால் அங்கே மட்டும் தாராளமாக, அன்போடு, இரண்டு பூச்சு. காய்ந்ததும் வயரை அதன்மேல் வைத்து முடுக்கினார். இத்தனை வாரம் போல்ட்டின் மரை மட்டும்தான் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருந்திருக்கிறது. பாலத்து வளைவில், அவள் ஹாரனை அழுத்திய நொடியில், ஆட்டம் கண்டிருந்த அந்த மரையும் கைவிட்டது.

பெயிண்ட் அடித்த அன்று மாலை திரும்பி வந்தவள் வண்டிமுன் வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். பிறகு, “நல்லா இருக்குங்க. புதுசு மாதிரி இருக்கு,” என்றாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் எத்தனையோ பகல்களைத் தனியாகக் கழித்திருந்தார்.

பேனாக்கத்தியை விரித்துச் சுரண்டத் தொடங்கினார். உதவி செய்ய வேண்டுமே என்று மச்சான் பாக்கெட்டிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தார். யாருக்காக அடிக்கிறோம் என்று அவரே யோசிக்கவில்லை.

“அட, இங்கயும் பச்சையை அப்பி வெச்சிருக்கீங்களே மாப்ளே,” என்றார் இயல்பாக.

கத்தி நின்றது.

“என்ன பச்சை?”

மச்சானுக்குப் பாதியில்தான் உறைத்தது. டார்ச் அணைகிற சொடுக்கு கேட்டது. சமையலறை வாசலில் மனைவியின் வளையல் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

“வண்டி என்ன கலர்?” என்று லேத்துக்காரர் கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனமே அவருக்குச் சொல்லிவிட்டது. எதுவெல்லாமோ இப்போது வரிசையாக வந்து நின்றது. “வெட்டுக்கிளி கிளம்பிடுச்சா?” என்று நோயாளி ஒருவர் போனில் கேட்டதை, என்ஜின் குதிப்பதைச் சொல்கிறார் என்று நினைத்துத் தானும் சேர்ந்து சிரித்தாரே! பரணில் இருந்தது ஜன்னல் டப்பா இல்லை. எந்தக் காலத்திலோ தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு வாங்கியது. கறுப்பு டேங்குக்குக் கீழே கிளிப்பச்சைக் கம்பிகள். அதில் உட்கார்ந்து அவள் இத்தனை வாரம் நகரம் முழுவதும் போய் வந்திருக்கிறாள். ஒருநாள்கூட முகம் கோணாமல், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்.

அவமானமா, நன்றியா, கோபமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். வேகமாக, கத்தி வழுக்கி விரலில் பட்டும் நிறுத்தாமல். இரும்பு தட்டுப்பட்டது. வயரை வைத்து போல்ட்டை முடுக்கினார். வண்டியின் ஹாரன் பொத்தானை அழுத்தினார்.

அது கத்தியது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது.

“சபாஷ்,” என்றார் மச்சான், தப்பித்தேன் என்கிற குரலில். “வயரு கழண்டிருந்துச்சா?”

இங்கே ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மச்சானுக்கு மின்சாரம் பற்றி மண்ணும் தெரியாது. வண்டி தங்கிவிடும், மாலை நேரங்கள் தங்கிவிடும். லேத்துக்காரரின் உதடு அந்தச் சொல்லுக்காகத் திறக்கவும் செய்தது. ஆனால் தலைக்குள் அந்த லாரி இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததே.

“கழண்டது இல்ல மச்சான். நான் அடிச்ச பெயிண்ட்டுதான். வயரு உக்கார்ற எடத்துல வெறும் இரும்பு இருக்கணும். எனக்குத் தெரியாததா? லேத்துல நின்னவன். தெரிஞ்சும், துரு போகணுங்கற வெறியில மூடிட்டேன். நேத்து அவ இருட்டுல நின்னது என் கையாலதான். அந்த லாரி...”

ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்:

“போன் போடுங்க. வண்டி போகட்டும்.”

காலையிலிருந்து அந்த வார்த்தைக்காகத்தான் மச்சான் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். இப்போது அது கிடைத்தும் அவருடைய கட்டைவிரல் போன்மேல் அசையவில்லை. தங்கையைப் பார்த்தார்.

அவள் மருந்துப் பையைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?” என்றாள். “ஒருத்தர் காலையில வந்து வண்டியைத் தூக்கிட்டுப் போறேங்கறாரு. இன்னொருத்தர் இப்ப எடுத்துட்டுப் போங்கறாரு. தெனம் ஓட்டுறவ நான். என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?”

மச்சான் போனைக் கீழே இறக்கினார்.

“பச்சைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா எங்கெங்க அடிச்சீங்கன்னு கேட்டிருப்பேன், சீட்டைத் தூக்கிக் குனிஞ்சு பாத்திருப்பேன். உங்க மனசு நோகக் கூடாதுன்னு பாத்தேன். வண்டியைப் பாக்காம விட்டுட்டேன்.” அவள் குரல் கரகரத்தது, செருமிச் சரிசெய்துகொண்டாள். “இனிமே இதுல எதைத் தொட்டாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டணும். நல்லா இல்லைன்னா மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லைன்னு சொல்லுவேன். அப்புறம் சாப்பாடு வேணாம்னு போய்ப் படுத்துக்கக் கூடாது.”

“நான் எப்ப அப்படிப் படுத்தேன்?” என்றார் லேத்துக்காரர்.

“எப்ப படுக்கல?”

அண்ணனிடம் அவள் ஸ்கூட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னொரு தடவை இது நடுரோட்டில் நின்றால் தானே வந்து அதை எடுத்துப் போவதாகச் சொன்னாள். அது சமாதானத்துக்குச் சொன்னது இல்லை என்பது லேத்துக்காரருக்கு நன்றாகத் தெரியும். வண்டி தப்பவில்லை, தவணை கிடைத்திருக்கிறது. அடுத்த தடவை அவள் வர ஒரு நிமிஷம் தாமதமானாலும் இவர் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கத்தான் போகிறார்.

“ரெண்டாவதா ஒரு எர்த் போட்டுடறேன். என்ஜின்லயே நேரா. ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு புடிக்கும்,” என்றார் அவசரமாக. “சாயங்காலம் நீ வந்ததும்...”

“இப்பவே போடுங்க. முதல் வீட்டுக்கு லேட்டாகும்னு சொல்லிடறேன். அண்ணே, அந்த டார்ச்சைக் குடு.”

அவள் சேலையை முழங்காலுக்கிடையில் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். விரலில் ரத்தம் வருகிறதே என்று பையைத் திறந்து, பஞ்சால் ஒற்றி, பிளாஸ்திரி ஒட்டினாள். இதையெல்லாம் வீட்டுக்கு வீடு செய்கிற அதே கைப்பழக்கத்தோடு செய்தாள். முகத்தை மட்டும் அண்ணனுக்குக் காட்டாமல் திருப்பிக்கொண்டாள். பிறகு வெளிச்சத்தை போல்ட்டின்மேல் அடித்தாள்.

“இன்னும் இருக்கு. ஓரத்துல.”

“இங்கயா?”

“இன்னும் கீழ. ம், அதான். சுரண்டுங்க.”

சுரண்டினார். பச்சைத் தூள் அவர் விரலில் ஒட்டியது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை கறுப்புதான் அடிக்கப்போகிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம், வெட்டுக்கிளி வராவிட்டால் கதவைத் திறக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிற நோயாளிகள் இருக்கிறார்கள் என்றாள் அவள்.

மச்சானுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. காலிக் கையோடு கொஞ்ச நேரம் நின்றார். போனைப் பாக்கெட்டில் போட்டார். தன் டார்ச்சைத் திருப்பிக் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டார். செருப்பு நிலைப்படிவரை உரசிக்கொண்டே போய் நின்றது.

“நான் கிளம்பறேன்.”

“காபி குடிக்கலையேண்ணே?”

“கடை தொறக்கணும்.” இன்னும் போகவில்லை. தொண்டையைக் கனைத்தார். “மாப்ளே.”

லேத்துக்காரர் கத்தியை நிறுத்தாமலே அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“பார்க்கலாம்,” என்றார் மச்சான். அந்தச் சொல்லை முழுசாகச் சொன்னார், பாதியில் கீழே போடாமல்.

“பார்க்கலாம் மச்சான்.”

கதவு சாத்திக்கொண்டது; வெளியே செருப்பு படி இறங்கிப் போகும் ஓசை கேட்டது.